பாடி கட்டுகிற இடம்

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் சேர்ந்த இருபத்தொன்பது வருடத்தில் அரசாங்கம் கோகிலவாணியை எங்கெங்கோ அனுப்பியிருக்கிறது. கோழிப்பண்ணைக்குப் போயிருக்கிறாள். ஆணழகன் போட்டி நடந்த கல்யாண மண்டபத்துக்குப் போய், எண்ணெய் பூசிய நாற்பது பேருக்கு நடுவில் நோட்டீஸ் கொடுக்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். ஆனால் பஸ்ஸுக்கு ஸ்டீராய்டு சோதனை போடச் சொல்லி அனுப்பியது இதுதான் முதல் தடவை.

கரூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் மிச்சத்தை அவர்களே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. கரூரில் பாடி கட்டுவது என்றால் பஸ்ஸுக்குக் கூடு கட்டுவது. சக்கரமும் ஸ்டியரிங்கும் மட்டும் உள்ள வெறும் சேஸிஸ் மொட்டையாக இங்கே வந்து சேரும். அதற்குக் கூரை, பக்கத் தகடு, ஜன்னல், சீட்டு எல்லாம் வைத்து லட்சணமாக அனுப்பினால் அதற்குப் பெயர் பாடி பில்டிங். டீசல் போய் பேட்டரி வந்தது, அப்புறம் டிரைவரே இல்லாத பஸ்ஸும் வந்தது. கூடு இல்லாத பஸ் மட்டும் இன்னும் வரவில்லை. ஆகவே பட்டறைகளும் இருக்கின்றன. இந்த ஊரில் ஒருவர் ‘நான் பாடி பில்டர்’ என்று சொன்னால் யாரும் அவர் புஜத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

சென்னைத் தலைமையகத்து மென்பொருளுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது! அது மாநிலத்தின் தொழில் உரிமப் பதிவேட்டை ஒரே மூச்சில் அலசி, உடற்பயிற்சிக் கூடங்கள் மிக அதிகமாக உள்ள ஊர் கரூர் என்று கண்டுபிடித்து, நூற்றுப் பதினெட்டு ‘பாடி பில்டிங்’ நிறுவனங்களின் பட்டியலை நீட்டிவிட்டது. மேலே உட்கார்ந்திருப்பவர்களும் ‘அடேயப்பா’ என்று வியந்து கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கோகிலவாணி இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். பட்டியலில் உள்ள இடத்தை நேரில் போய்ச் சோதித்த பிறகுதான் நீக்கக் கோரலாம் என்று பதில் வந்தது. சரி, போய்த் தொலைப்போம் என்று கிளம்பிவிட்டாள். ஐம்பத்தாறு வயதில், தேய்ந்த முழங்காலோடு, யாரிடம் போய் மல்லுக்கட்டுவது?

முப்பத்தோராவது இடம் தரணீதரனுடைய பட்டறை. தரணீதரனுக்கு நாற்பது வயது இருக்கும். வெல்டிங் பொறி பட்டுச் சட்டை முழுக்கப் பொடிப்பொடி ஓட்டை. வாசலிலேயே நின்று வரவேற்றார்.

“வாங்க மேடம், வாங்க. ஜிம்மு பாக்க வந்தீங்களாக்கும்?”

ஊர் முழுக்கச் சேதி பரவிவிட்டது என்று தெரிந்தது.

“சிரிங்க, சிரிங்க. எங்க பொழப்பு சிரிப்பாத்தான் சிரிக்குது” என்றாள் கோகிலவாணி. “எத்தனை பேரு வேலை செய்யறாங்க?”

“என்னையும் சேத்தி ஏழு பேருங்க.”

மற்றப் பட்டறைகளில் பதினைந்து, இருபது பேராவது இருந்தார்கள். இங்கேயும் அதே அளவு கொட்டகை, அதே மாதிரி இரண்டு பஸ். ஏழு பேரை வைத்து எப்படித்தான் ஓட்டுகிறாரோ என்று நினைத்துக்கொண்டாள். சோதனைக் கருவி சோப்பு டப்பா அளவுதான். மணிக்கட்டில் வைத்துப் பத்து விநாடி அழுத்தினால் ரத்தத்தில் என்ன ஓடுகிறது என்று சொல்லிவிடும். “எல்லாரும் வரிசையா வாங்க. முடிச்சதும் இது பஸ் பட்டறைன்னு நான் எழுதிக் குடுத்துடறேன். அப்புறம் ஒருத்தரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க” என்றாள்.

ஐந்து பேருக்கும் தரணீதரனுக்கும் பச்சை விளக்கு எரிந்தது. தரணீதரனுக்குப் பச்சை எரிந்தபோது பின்னாலிருந்து ஒருத்தன், “பாவம், நம்ம மொதலாளிக்குச் சத்தே இல்லியாமா” என்றான். சிரிப்பு அடங்குவதற்குள் தரணீதரன் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சென்னிண்ணா! வாங்க, உங்களுக்குத்தான் பாக்கி.”

ஏழாவது ஆள் வந்தார். சென்னியப்பன், ஐம்பத்தெட்டு வயது, தகட்டு வேலைக்காரர். தலை முழுக்க நரை, கன்னம் ஒட்டிய கிழட்டு முகம். கழுத்துக்குக் கீழே பார்த்தால் முப்பது வயது மல்லன். வரும் வழியில் இரண்டு பேர் உருட்டிக்கொண்டு போக வேண்டிய பஸ் டயரை ஒற்றைக் கையால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு வந்தார். கருவியை வைத்தாள். சிவப்பு. சாதாரண ஆளுக்கு இருக்க வேண்டியதைப் போல இருபத்தேழு மடங்கு. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அதே இருபத்தேழு.

மற்றவர்களை வேலைக்கு அனுப்பிவிட்டு, அவரையும் தரணீதரனையும் பட்டறையின் சின்ன அலுவலக அறைக்குக் கூட்டிப்போனாள்.

“மொட்டு வெச்சிருக்கீங்களா?”

“ஆமாங்கம்மா.” சென்னியப்பன் சட்டையின் மேல்பித்தானைக் கழற்றிக் காட்டினார். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், புளியங்கொட்டை அளவு ஒரு புடைப்பு. “ஒம்பது வருசமாச்சுங்க. ஒரு காய்ச்சல் வந்து ஒடம்புக் கறியெல்லாங் கரைஞ்சு போச்சுங்க. ஏழு மாசம் எந்திரிக்காம கெடந்தேன். அப்பறந்தான் ஒரு டாக்டர் இத வெச்சு உட்டாரு. அப்ப இது குத்தமில்லீங்க.”

“அப்ப குத்தமில்லை, சரி. நோய்க்காக வெச்சவங்களுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிற மாதிரி உரிமம் குடுத்தாங்களே?”

“குடுத்தாங்க. போன வருசத்தோட முடிஞ்சிருச்சு.”

“ஏன் புதுப்பிக்கலை? மூணு மாசம் தாண்டினா மறுபடி தர மாட்டாங்கன்னு அதுலயே எழுதியிருக்குமே!”

“உட்டுப்போச்சுங்க” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

தரணீதரனுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க மேடம், எனக்கு ஒண்ணு புரியலீங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டாக் குத்தம், மாத்திரை தின்னாக் குத்தம், அது சரிங்க. கட்டுப்படுத்தப்பட்ட பொருளு, கைல வெச்சிருக்கப்படாது. ஆனா இவரு எதையும் வெச்சிருக்கலியே? அவரு ஒடம்புல தானா ஊறுது. அதுக்கு அவரு என்னங்க பண்ணுவாரு?”

“அதாங்க பிரச்சினையே. அந்த மொட்டு உயிருள்ளது. பரிசோதனைக்கூடத்துல வளத்த செல்லு. உள்ள வெச்சா ரத்தக்குழாயைப் பிடிச்சுக்கிட்டு, அதுபாட்டுக்கு ராத்திரி பகல் பாக்காம மருந்தைச் சுரந்துகிட்டே இருக்கும். மருந்து கைல இருந்தா சட்டத்துல அது கைவசம். மருந்து ஊறினா, அது உற்பத்தி. இவரு இன்னிக்குத் தேதில உரிமம் இல்லாத உற்பத்திக் கூடம்.”

“மனுசன் எப்படீங்க கம்பெனி ஆவான்?”

“சட்டப்படி ஆவான்.”

“அப்ப நெத்தில ஒரு போர்டு மாட்டி உடுங்க” என்றார் தரணீதரன் கோபமாக. பிறகு, அதிகாரியிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு வந்து குரலைத் தணித்துக்கொண்டார். “இப்ப என்ன பண்ணுவீங்க?”

“சீல் வைக்கணும்.”

சீல் என்பது ஓர் ஊசி. அவள் தோளில் தொங்கும் ஐஸ் பெட்டியில் நான்கு எப்போதும் இருக்கும். காறை எலும்புக்குக் கீழே ஒரு குத்து. ஒரு வாரத்தில் மொட்டு வாடிக் கரைந்துவிடும். சென்னியப்பன் மாதிரி நோயாளிக்கு அதற்கப்புறம் என்ன ஆகும் என்று துறையின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது: ஆறு மாதத்தில் படியேறத் துணை வேண்டும், ஒன்றரை வருடத்தில் படுக்கை.

இந்தச் சட்டம் வந்த நாளில் கோகிலவாணி கை தட்டியவள்தான். அதை அவள் மறந்துவிடவில்லை. மொட்டு வந்த புதிதில் என்னவெல்லாம் நடந்தது! போலீஸ் வேலைக்கு ஓட்டப் பரிசோதனை நடந்த மைதானங்களில் இருபது வயதுப் பிள்ளைகள் இதயம் வீங்கி ஓடுகிற ஓட்டத்திலேயே விழுந்தார்கள். கட்டட மேஸ்திரிகள் வெளி மாநிலத்திலிருந்து வந்த கூலியாட்களுக்கு ரயிலை விட்டு இறங்கியதுமே மொட்டு வைத்து வேலைக்குக் கூட்டிப்போனார்கள். ஒருத்தனை இரண்டு ஆளாக்குகிற வித்தை கையில் கிடைத்துவிட்டால், பக்கத்தில் நின்ற இன்னொருத்தனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? சட்டம் வராவிட்டால் இந்நேரம் ஊரே சுடுகாடாகியிருக்கும். இதில் அவளுக்கு இப்போதும் சந்தேகமில்லை.

ஆனால் ராசாமணி என்று ஓர் ஆள். நாமக்கல்லில் முட்டை லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். அவரும் நோய்க்காக வைத்துக்கொண்டவர்தான், காகிதம்தான் சரியில்லை. நாலு வருடத்துக்கு முன்னால் அவருக்கு அவள்தான் சீல் வைத்தாள். எட்டு மாதம் கழித்து நாமக்கல் பஸ் ஸ்டாண்டில், இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து ஒரு மனிதரை பஸ் படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்து, நடுங்குகிற கையைத் தூக்கி, “வணக்கமுங்க மேடம்” என்றார். திட்டியிருந்தால்கூட அவள் வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள். அந்த வணக்கம் அவளைத் தின்றுவிட்டது. அன்றைக்கு வந்த சலிப்புதான், இன்றுவரை போகவில்லை.

“கொஞ்ச நேரம் குடுங்க. நான் யோசிக்கணும்” என்றாள்.

யோசிக்க விட்டால்தானே! தரணீதரன் டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தார். “மேடம், அவரு இல்லீன்னா இந்தப் பட்டறையே இல்லீங்க. கூரைத் தகடு ஏத்தறதுக்கு நாலு ஆளு வேணும், அவரு ஒருத்தரே ஏத்திருவாரு. சீட்டு மாட்டறது, கண்ணாடி தூக்கறது, எல்லாம் அவருதான். தங்கமான மனுசனுங்க. இத்தன வருசத்துல முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னதில்லீங்க.”

டீ வருவதற்குள் வெளியிலிருந்து நான்கு தடவை ‘சென்னிண்ணா’ என்று கூப்பிட்டுவிட்டார்கள். நான்கு தடவையும் அவர் எழுந்து போய் எதையோ தூக்கி வைத்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பையனைப் போலச் சுவரோரம் நின்றுகொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டோடு அவர் மனைவி பூங்கொடி வந்து சேர்ந்தாள். யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். தூக்குப்போசியைக் கீழே வைத்ததும் வைக்காததுமாகக் கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மிணி, உங்க கால்ல வேணாலும் உழுகறேன், அவர உட்டுருங்க. எங்கம்மா படுத்த படுக்கைங்க. தூக்கிக் குளிக்க வெக்கறது அவருதான். மக மூணாவது மாடில குடியிருக்கறா, லிப்டு கெடையாது, தண்ணிக் கேன் அத்தனையும் இவருதான் ஏத்தோணும். தெருவுல யாரூட்டுக்கு சிலிண்டர் வந்தாலும் இவரத்தான் கூப்புடுவாங்க. அவருக்கு அசதின்னா என்னன்னே தெரியாதுங்க. அந்த ஏழு மாசம் நாங்க பட்ட பாடு போதுமுங்க, இன்னொருக்கா தாங்காது.”

கோகிலவாணி சுவரோரம் நின்ற மனிதரை ஒரு தரம் பார்த்தாள். அவர் தூக்குப்போசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தாள். அவள் பார்த்த எத்தனையோ பேர் இப்படித்தான், சீல் என்ற வார்த்தையைக் கேட்டதும் வாயடைத்து நின்றிருக்கிறார்கள்.

வழி ஒன்று இருந்தது. அது கரூரில் மட்டுமே இருக்கக்கூடிய வழி. ஒழுங்காகச் செய்வதானால், சிவப்பு எரிந்த அளவை முதலில் பதிவேற்றி, சீல் வைத்து, அப்புறம்தான் ‘இது உடற்பயிற்சிக் கூடமல்ல’ என்று எழுத வேண்டும். வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? இடமே தவறு என்று முதலில் எழுதிவிட்டால் அங்கே எடுத்த அளவுகள் எல்லாம் செல்லாது. அதோடு விடாது. தவறான இடத்தில் சோதிக்கப்பட்டவர்களின் மானம் போகிறது என்று யாரோ வழக்குப் போட்டு, அப்படிப்பட்டவர்களை அதன்பின் ஆயுளுக்கும் எந்த அதிகாரியும் வற்புறுத்திச் சோதிக்கவோ சீல் வைக்கவோ கூடாது என்று தீர்ப்பு வாங்கியிருந்தார்கள். ஒரு வாக்கியத்தை முன்னால் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பதில் ஒரு மனிதரின் கை கால் தொங்கிக்கொண்டிருந்தது.

மாட்டிக்கொண்டால் அவளுடைய வேலை போகும், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது. போனால் போகட்டும் என்று இருந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மடியில் மின்பலகையை வைத்துக்கொண்டு எழுதினாள்: ‘மேற்படி இடம் உடற்பயிற்சிக் கூடம் அல்ல. இங்கே கட்டப்படுவது பேருந்தின் பாடி. மனித உடலுக்கும் இந்நிறுவனத்தின் தொழிலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இங்கு சோதிக்கப்பட்ட ஏழு பேரும் தவறாகச் சோதிக்கப்பட்டவர்கள்.’ ஒருமுறை படித்துப் பார்த்து அனுப்பினாள். மூன்று விநாடியில் மென்பொருள் பதில் சொன்னது. ஏற்கப்பட்டது.

அவ்வளவுதான். எழுந்து நின்றபோது முழங்கால்கூட வலிக்கவில்லை. எத்தனை வருடம் ஆயிற்று இப்படி ஒரு சந்தோஷம் வந்து! தரணீதரனிடம் சொன்னதும் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார். பூங்கொடி அழுதுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் பண்ண ஓடினாள். சென்னியப்பனைக் காணோம். சீட்டு மாட்டாத பஸ்ஸுக்குள் இருப்பதாக யாரோ சொன்னார்கள். நல்ல சேதியைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று கோகிலவாணி கம்பியைப் பிடித்து, படி ஏறி உள்ளே போனாள்.

சென்னியப்பன் வெறும் தகட்டுத் தரையில், பக்கச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

“உக்காருங்க, உக்காருங்க. எல்லாம் முடிஞ்சுது. உங்க அளவு பதிவுலயே இல்லை. சீல் கிடையாது.”

அவர் எழுந்தும் எழாமலும் அப்படியே நின்றார்.

“கிடையாதுங்களா?”

“கிடையாது.”

“எழுதிட்டீங்களாம்மா? மாத்த முடியாதுங்களா?”

பயம் இன்னும் தெளியவில்லை போலிருக்கிறது என்று அவள் எடுத்துச் சொன்னாள். “யாராலயும் மாத்த முடியாதுங்க. நானே நினைச்சாலும் முடியாது. இனி உங்க கையை எந்த அதிகாரியும் தொட மாட்டாங்க, உங்க ஆயுசு வரைக்கும். நிம்மதியா இருங்க.”

சென்னியப்பன் மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். இரண்டு பெரிய கைகளையும் தொடைமேல் வைத்து, அவை யாருடையவோ என்பது போலப் பார்த்தார். வெளியே கிரைண்டர் ஓடி நின்றது.

“வெப்பீங்கன்னு நெனச்சனுங்க” என்றார்.

“என்னது?”

“சீலு. இன்னைக்கு வெச்சுருவீங்கன்னு நெனச்சு, பித்தானக்கூட மறுபடி போடாம உக்காந்திருந்தனுங்க.”

கோகிலவாணிக்கு முதலில் புரியவில்லை. அவருடைய சட்டையின் மேல்பித்தான் திறந்தே இருப்பதைப் பார்த்தாள். புரிந்தபோது பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏங்க... சீல் வெச்சா என்ன ஆகும்னு தெரியுமில்ல உங்களுக்கு? படுத்துருவீங்க.”

“தெரியுமுங்க. படுத்துருக்கறனே. ஏழு மாசம்.” அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ ஒன்று இளகியது. “வலிதானுங்க, இல்லீங்கல. ஆனா அப்பத்தான் எல்லாரும் என்னையக் கேட்டாங்க. சாப்புட்டீங்களா, தூங்குனீங்களான்னு. இந்தப் பட்டறைல இருந்து தெனம் ஒருத்தன் வந்து பாத்துட்டுப் போவான். இது வெச்சதுக்கப்பறம் ஒருத்தருங் கேட்டதில்லீங்க. கேக்கறதுக்கு என்ன இருக்குது? பாத்தாலே தெரியுதே, கல்லு மாதிரி இருக்கறான்னு.”

“வேலையைக் கொறைச்சுக்கலாமே?”

“கையி சலிக்க மாட்டீங்குதுங்களே. ரெண்டு மணி நேரந் தூங்குனாப் போதும், தானா எந்திரிச்சுக்குது. ஒடம்புக்குச் சலிப்பில்லீங்க. நாந்தான் சலிச்சுட்டேன். உள்ள இருக்கறவன் எப்பவோ படுத்துக்கிட்டானுங்க. ஒடம்பு மட்டும் எந்திரிச்சுப் பல்லு வெளக்கிப்போட்டு வேலைக்கு வந்துருது.”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. டாக்டரிடம் வியாதி சொல்வது போலச் சொன்னார். கோகிலவாணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கிற்று. மூன்று மணி நேரமாக இந்தப் பட்டறையில் இருக்கிறாள். முதலாளி பேசினார், மனைவி பேசினாள், அவளும் தனக்குள் எவ்வளவோ பேசிக்கொண்டாள். இந்த மனிதரிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராசாமணிக்குச் செய்த பாவத்தை இவர் தலையில் கழுவிக்கொண்டாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீங்க!” என்றாள். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அநியாயமான கேள்வி என்று உறைத்தது.

“பொண்டாட்டிய வெச்சுக்கிட்டு எப்படீங்கம்மா சொல்றது? அவ அங்க உங்க கையப் புடிச்சுக்கிட்டு அழுவறா.”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. தானா ஒப்படைக்கிறதுன்னு ஒரு படிவம் இருக்கு. சோதனை எதுவும் வேண்டாம். மொட்டு வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுக்கணும், வீட்டுல ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்துப் போடணும். நான் வந்து வெச்சுடறேன். நாளைக்கே.”

அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ தெரியாமல் சொல்லிவிட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அப்படி.

“நானாப் படுத்தாச் சோம்பேறிங்கம்மா. சர்க்கார் படுக்க வெச்சாத்தான் நோயாளி” என்றார். “அவகிட்டப் போயி, எனக்கு முடியல, கையெழுத்துப் போடுன்னு கேக்கோணும். அவ என்ன கேப்பான்னு எனக்குத் தெரியும். எங்கம்மாள யாரு தூக்கறதும்பா. நாயமான கேள்விதானுங்க. அதுக்கு எங்கிட்டப் பதிலில்ல. சீலு வெச்சுட்டாங்கன்னா அந்தக் கேள்வியே வராது பாருங்க. ஐயோ பாவம்னு ரெண்டு நாளு அழுதுபோட்டு, அவங்களே ஒரு வழி பண்ணிக்குவாங்க.”

கையேட்டில் இருப்பதையாவது சொல்லி வைப்போம் என்று, “இப்படியே விட்டா இதயம் வீங்கிப்போகும்ங்க. ரொம்ப நாள் தாங்காது” என்றாள்.

“தெரியுமுங்க. டாக்டரும் சொன்னாரு. அது ஒண்ணுதான் சொல்லாமக் கொள்ளாம நிக்குமாமே?” அவர் பித்தானைப் போட்டுக்கொண்டார். “அது நின்னாலும் ஒருத்தரும் என்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க.”

அதற்குமேல் அவளுக்குத் தாங்கவில்லை. இங்கேயே, இப்போதே, ஐஸ் பெட்டியைத் திறந்து ஊசியைப் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் யார் பெயரைச் சொல்லி? சர்க்கார் என்று சொல்ல ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தை அரை மணிக்கு முன்னால் அவள் கையாலேயே இல்லாமல் பண்ணிவிட்டாள். காகிதம் இல்லாமல் போட்டால் அது வெறும் ஊசி. அவரே கேட்டுப் போட்டுக்கொண்டதாகத்தான் ஊர் பேசும்.

“மன்னிச்சிருங்க” என்றாள்.

“அட, நீங்க எதுக்குங்கம்மா? நல்லதுன்னுதான பண்ணுனீங்க. வேலைய வேற பணயம் வெச்சுப் பண்ணிருப்பீங்க.” சொல்லிவிட்டு, அவள் முழங்காலைப் பார்த்தார். “படியில பாத்து எறங்குங்க. கையப் புடிச்சுக்கோங்க.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இறங்கினாள். கொட்டகை வாசலில் தகடு ஏற்றிய வண்டி வந்து நின்றிருந்தது. “சென்னிண்ணா!” என்று குரல் வந்தது. இதோ வந்துட்டேன் என்று அவர் போனார்.

தரணீதரன் வாயெல்லாம் பல்லாக வந்து, ஒரு சீப்பு பூவன் பழத்தை அவள் கையில் திணிக்கப் பார்த்தார். கோகிலவாணி அதை வாங்காமல், “ஆள் போடுங்க. அவருக்கு ஒத்தாசையா ரெண்டு ஆளாவது போடுங்க. ஒருத்தரே எவ்வளவுதான் தூக்குவாரு?” என்றாள். தான் கத்துகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

தரணீதரன் ஒன்றும் புரியாமல் சிரித்தார். “அவருக்கு எதுக்குங்க மேடம் ஆளு? அதான் நீங்க காப்பாத்திக் குடுத்துட்டீங்களே!”

வண்டியின் பின்பக்கம் பூங்கொடி போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு ஒன்றுமில்லை, சாயங்காலம் வந்து கேனை ஏற்றிக் கொடுப்பார் என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் குனிந்து, நான்கு ஆள் தூக்க வேண்டிய தகட்டுக் கட்டைத் தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு, கொட்டகையின் மறுகோடிக்கு நடந்து இறக்கி வைத்தார். திரும்பி வந்து அடுத்த கட்டுக்குக் குனிந்தார். கோகிலவாணி அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை.